திறந்து வாசிக்கிற மாதிரி ஒரு நத்தார் கார்டு போர்ட்

கார்த்திகை மழை தொடங்கினாக் காணும், எங்கட வீட்டுச் சுவர் எல்லாம் வேர்க்கத் தொடங்கிடும். மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் இரிக்கிற ஆக்களுக்கு இது சொல்லத் தேவையில்ல, ஒரு பக்கம் கடல் மற்றப் பக்கம் வாவி நடுவில நாங்க, மார்கழியில உடுப்புக் காய மூண்டு நாள் எடுக்கும், அலுமாரிக்குள்ள வச்ச சப்பாத்தில பூஞ்சணம் பிடிக்கும், உப்புப் போத்தல் தண்ணியாப் போகும். அந்த ஈரத்துக்குள்ளதான் எங்களுக்கு நத்தார் (கிறிஸ்மஸ்) கார்டும் வாறது. ஆகவே கார்டு மாட்டி வைக்கிற விசயத்தில இஞ்ச இரிக்கிற எங்கட பிரச்சினை வேற, வெளிநாட்டு வீடியோக்களில காட்டுற மாதிரி சுவரில வாஷி டேப் ஒட்டி அழகா மரம் மாதிரி அடுக்கினா ரெண்டு நாளில எல்லாம் நிலத்தில கிடக்கும்.

எனக்கு அது கிடந்திச்சு. கல்யாணம் முடிச்சு வந்த முதல் வருசம் ஹோல் சுவரில சிலோடேப்பால ஒட்டினன், 14 கார்டு. மழைக்கு டேப் கழண்டு விழுந்தது ஒரு பக்கம், விழாத கார்டைக் கழட்டப் போனா கார்டுக்குப் பின்னுக்கு எழுதியிருந்த எழுத்தும் டேப்போட சேர்ந்து உரிஞ்சு வந்திட்டு. லண்டன்ல இரிக்கிற மச்சாள் தன்ட கைப்பட ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தா, அதில நாலு வரி போயிட்டு. அண்டைக்கு நான் உண்மையா அழுதன், இவர் வந்து "வட்ஸ்அப்ல ஒருக்கா கேட்டா திருப்பி எழுதி அனுப்புவாதானே" எண்டு ஆறுதல் சொன்னவர், ஆனா அது அதே எழுத்து ஆகாது.

ரெண்டாம் வருசம் எல்லாரும் செய்யிற மாதிரி ஒரு சணல் நூலை ஜன்னலுக்கு ஜன்னல் இழுத்துக் கட்டி சின்ன மரக் கிளிப் போட்டு உடுப்புக் காயப் போடுற மாதிரி தொங்கவிட்டன். பாக்கச் சோக்காத்தான் இரிந்திச்சு. ஆனா கிளிப் போட்டா கார்டு மூடித்தானே கிடக்கும், வாறவங்க முன்பக்கத்துப் படத்தை மட்டும் பாத்திட்டுப் போவாங்க, உள்ளுக்கு என்ன எழுதியிரிக்கு எண்டு ஒருத்தரும் பாக்க மாட்டாங்க, எனக்குக்கூட பாக்க வேணுமெண்டா கழட்டித் திருப்பி மாட்ட வேணும். ஃபேன் போட்டா எல்லாம் சுத்தும். கிளிப்பு அழுத்தின இடத்தில பல்லுப் போட்ட மாதிரி தடம். மறுகா ஈரத்துக்கு கார்டுகளின்ட மூலை எல்லாம் சுருண்டு வெத்திலை மாதிரி மடிஞ்சிட்டு.

அப்பத்தான் எனக்கு விளங்கினது, நான் மாட்ட வேண்டியது படத்தை இல்ல, எழுத்தை. படம் அச்சில வாறது, எல்லா வீட்டிலயும் அதே மூண்டு ராசாக்கள், அதே பனி மரம். உள்ளுக்கு இரிக்கிற நாலு வரிதான் எங்களுக்கெண்டு வந்தது. அப்ப திறந்து வாசிக்கக் கூடிய மாதிரி மாட்ட வேணும், ஓட்டை போடாம பசை ஒட்டாம மாட்ட வேணும், தைப்பொங்கல் முடிஞ்சு கழட்டி எடுக்கேக்க வந்த மாதிரியே இரிக்க வேணும்.

இதில ஏன் இவ்வளவு பிடிவாதம் எண்டு கேட்டா, ஒரு கதை இரிக்கு, அதைச் சொல்லிட்டு செய்முறைக்கு வாறன்.

நாங்க முந்தி கடலோரத்து டச்பார் பக்கம் இரிந்தனாங்க. 2004ம் ஆண்டு எனக்கு 14 வயசு, அந்த நத்தாருக்கு எங்கட வீட்டு ஹோலில நூலில 22 கார்டு தொங்கினது, நான்தான் எண்ணினன், நானும் தம்பியும் ஒவ்வொரு நாளும் எண்ணுவம். 26ம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயாவும் அண்டைக்குத்தான். வாவிக்கு அங்கால புளியந்தீவுக்குப் பூசைக்குப் போயிருந்தம். ஒம்பது மணி போல கடல் வந்திட்டு. அப்ப கல்லடியில பழைய பாலம் மட்டும்தான், ஒரு வாகனம் போனா எதிர்ப்பக்கத்து வாகனம் நிண்டு விட வேணும், அதால சனம் ஓடி வந்ததை இப்பவும் மறக்க ஏலாது. நாங்க அண்டைக்குத் திரும்பிப் போகல்ல. ரெண்டு நாளைக்குப் பிறகு அப்பா மட்டும் போய்ப் பாத்திட்டு வந்தவர். ஒரு சுவர் நிண்டதாம், அதில நூல் கட்டின ஆணி இரிந்ததாம். அதுக்கு மேல அவர் ஒண்டும் சொல்லல்ல.

எங்கட குடும்பத்தில எல்லாரும் தப்பினம், அது பெரிய விசயம், பக்கத்து வீடுகளில அப்பிடி இல்ல. அதனால கார்டு போனதை எல்லாம் அப்ப ஒருத்தரும் கதைக்கல்ல, கதைக்கவும் கூடாது. ஆனா வருசங்கள் போகப் போக அம்மாட பழைய எழுத்து எண்டு எங்களிட்ட ஒரு துண்டுகூட மிஞ்சல்ல எண்டது மனசுக்குள்ள கிடந்து கொண்டே இரிந்திச்சு. அம்மா 2016ல மோசம் போனா.

அவட முப்பத்தொண்டாம் நாள் நினைவு முடிஞ்ச கொஞ்ச நாளில செங்கலடியில இரிக்கிற பெரியம்மா என்னைக் கூப்பிட்டா. தகர ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பொலித்தீன் பையில சுத்தின கட்டு ஒண்டை எடுத்து "இந்தா புள்ள, இது உன்ட அம்மாட, நீ வச்சிக்க" எண்டு தந்தா. அம்மா பெரியம்மாவுக்கு வருசா வருசம் அனுப்பின நத்தார் கார்டுகள், 17 இரிந்திச்சு. பெரியம்மா 1978 சூறாவளியில கூரை போன வீட்டில இரிந்தவ, நவம்பர் 23 எண்டு திகதியோட சொல்லுவா, அண்டையில இருந்து அவவுக்கு எந்தக் கடுதாசியும் தகரப் பெட்டிக்குள்ள பொலித்தீன் சுத்தித்தான் போகும், காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், அதோட இந்தக் கார்டுகளும். எங்களுக்கு வந்த கார்டு எல்லாத்தையும் கடல் கொண்டு போயிட்டு, எங்கட அம்மா அனுப்பினதுதான் எங்களுக்குத் திரும்பி வந்திச்சு. ஒண்டில அம்மா எழுதியிருக்கிறா, "அக்கா, இஞ்ச மழை கூட. உங்கட வயல் எப்பிடி? பெரியவளுக்குப் பல்லு முளைச்சிட்டு." அந்தப் பெரியவள் நான்.

சரி, இப்ப போர்ட்.

அடிக்கு வேண்டியது காட்போட், ஒரு பெரிய பெட்டி. ஃப்ரிட்ஜ் ரீவி விக்கிற கடையில கேட்டா சும்மாவே தருவாங்க, மழை நனையாத பெட்டியாப் பாத்து எடுங்க. 3 அடி நீளம் 2 அடி உயரத்துக்கு மூண்டு துண்டு வெட்ட வேணும். வெட்டேக்க ஒண்டைக் கவனிக்கணும், காட்போட்டுக்கு நடுவில அலை அலையா ஒரு நெளிவு ஓடும்தானே, முதல் துண்டில அது நீளப் பாட்டுக்கு ஓடினா ரெண்டாம் துண்டில குறுக்குப் பாட்டுக்கு ஓட வேணும், மூண்டாவது திரும்ப நீளப் பாட்டுக்கு. இப்பிடி மாத்தி மாத்தி ஒட்டினாத்தான் எங்கட ஈரக் காத்துக்கு வளையாம நிக்கும், எல்லாம் ஒரே பக்கம் ஓடினா ஒரு கிழமையில வள்ளம் மாதிரி வளைஞ்சிடும். பிரிஸ்டல் போர்ட் வாங்கிச் செய்யலாமே எண்டு சில பேர் கேட்டாங்க, அது 22க்கு 28 அங்குலம்தான் வரும், அதோட ஒற்றைத் தட்டு, மழைக்கு நிக்காது, அதை அலங்காரத்துக்கு வச்சுக் கொள்ளுங்க.

ஒட்டுறதுக்கு பைண்டர் கம், அந்த வெள்ளைப் பசை. முந்தி அம்மம்மா ஆக்கள் மாப்பசை காச்சித்தான் எல்லாம் ஒட்டினவங்க, பசையில பூச்சி வராம இரிக்க ஒள்ளுப்பம் துருசு போடுவாங்களாம், ஆனா துருசு நஞ்சு, சின்னப் புள்ளைகள் கை வைக்கிற சாமானில நான் அதைப் போட மாட்டன், துருசு போடாம மாப்பசை மட்டும் பூசினா கரப்பானுக்குச் சாப்பாடு வச்ச மாதிரி. ஆகவே பைண்டர் கம்மை ஒள்ளுப்பம் தண்ணி விட்டுக் கலக்கி பழைய பெயின்ற் பிரஷால மெல்லிசாத் தடவினாக் காணும். கூடப் பூசினா காயாது. ஒட்டிட்டு சீமெந்து நிலத்தில பேப்பர் விரிச்சு அதுக்கு மேல போர்ட்டை வச்சு, மேல பலகை ஒண்டு வச்சு, பலகைக்கு மேல 10 கிலோ அரிசிப் பை ரெண்டு. ரெண்டு நாள் அசைக்கக் கூடாது. எங்கட சின்னவன் ரெண்டு நாளும் அதுக்குக் காவல் இரிந்தவன், ஒருத்தரையும் பக்கத்தில விடல்ல.

மேல போர்த்துறதுக்கு சணல் சாக்கு. இப்ப அரிசி உரம் எல்லாம் பிளாஸ்டிக் பையிலதான் வருது, சணல் சாக்கு எண்டா மட்டக்களப்பு மார்க்கட்டில மொத்தமா வெங்காயம் மல்லி விக்கிற கடைகளில கேட்டுப் பாக்கணும், எனக்கு ஒண்டு கிடைச்சிச்சு. இதை ஐப்பசியிலயே தோய்ச்சு வெயிலில காயப் போட்டு வைங்க, கார்த்திகை வந்தா வெயிலை நம்ப ஏலாது. சணல் ஏன் எண்டா சொரசொரப்பு, கார்டு வழுக்கி விழாது, அதுதான் காரணம், வடிவு ரெண்டாவது. சாக்கை அயன் பண்ணி போர்ட்டுக்கு மேல போட்டு ஓரத்தை ரெண்டு அங்குலம் பின்னுக்கு மடிச்சு ஒட்டினா முடிஞ்சுது.

இனி முக்கியமான இடம், இலாஸ்டிக். தையல் சாமான் கடையில கால் அங்குல அகலத்தில வாற இலாஸ்டிக்தான், நான் கறுப்பு எடுத்தன், சணலுக்கு மேல கறுப்பு எடுப்பா இரிக்கும். இதை குறுக்கால இல்ல, மேல இருந்து கீழ நெட்டாக் கட்ட வேணும். ஏன் எண்டு சொல்லுறன். கூடுதலான கார்டு கொப்பி மாதிரி இடப்பக்கம் மடிப்பு, வலப்பக்கம் திறக்கும். அப்ப கார்டைத் திறந்து அந்த மடிப்புக்குள்ள இலாஸ்டிக் ஓடுற மாதிரி, பின்னட்டை இலாஸ்டிக்குக்குப் பின்னால, முன்னட்டை முன்னால எண்டு சொருகினா கார்டு சுவரில ஒரு குட்டிக் கொப்பி மாதிரி நிக்கும். விரலால முன்னட்டையைத் திருப்பினா உள்ளுக்கு எழுதினது அப்பிடியே தெரியும், விட்டாத் திரும்ப மூடிக்கும். கழட்டத் தேவையில்ல. ஓட்டை இல்ல, பசை இல்ல, கிளிப்புத் தடம் இல்ல. இதைக் கண்டு பிடிக்க எனக்கு ஒரு முழுப் பின்னேரம் போச்சுது, முதல்ல குறுக்கால கட்டிப் பாத்தன், மடிப்பில போய் இடிக்கும், நுழையாது.

இடப்பக்க ஓரத்தில ஒரு அங்குலம் விட்டு முதலாவது இலாஸ்டிக், மறுகா ஏழு ஏழு அங்குலத்துக்கு ஒண்டா மொத்தம் 5. ஒரு இலாஸ்டிக்கில மேல கீழ மூண்டு கார்டு நிக்கும், 15 கார்டு. பெரிய கார்டு எண்டா 7 அங்குல உயரம் வரும், 3 கார்டு 21, போர்ட் 24, இடையில ஒள்ளுப்பம் மூச்சு விட இடம் வரும். இலாஸ்டிக்கைப் பின்னுக்கு மடிச்சுத் தைக்கேக்க இறுக்கி இழுக்காதீங்க, அரை அங்குலம் இழுபட்டாக் காணும், கூட இழுத்தா போர்ட் வில்லு மாதிரி வளையும். நான் பயத்துக்குப் பின்பக்கம் ரெண்டு மூங்கில் கம்பை நெட்டாக் கட்டிட்டன். தைக்கிறதுக்கு சாக்கு ஊசியும் நைலோன் நூலும். ஸ்டேப்ளர் அடிச்சா கெதியா முடியும்தான், ஆனா எங்கட காத்துக்கு ஸ்டேப்ளர் பின் ஒரு மாரியிலயே கறள் பிடிச்சு சாக்கில சிவப்புக் கறை வைக்கும்.

மேல் பக்கம் மடிப்பு வாற கார்டுகளும் இரிக்கு, கூடாரம் மாதிரி. அதுகளுக்கு போர்ட்டுக்குக் கீழ ஒரு தும்புக் கயிறு, ரெண்டு மூலையிலயும் கட்டி ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டன், மடிப்பை அதில போட்டா தன்பாட்டில நிக்கும். மடிப்பே இல்லாத ஒற்றை அட்டை வந்தா அதை ஒரு இலாஸ்டிக்குக்குப் பின்னால சொருகிடுறன்.

மாட்டேக்க போர்ட் சுவரோட ஒட்டிக் கிடக்கக் கூடாது, பின்பக்க நாலு மூலையிலயும் சோடா மூடி ஒண்டு ஒண்டு ஒட்டி விடுங்க. அந்த இடைவெளியால காத்து ஓடும். மழை அடிக்கிற வெளிச் சுவரில மாட்டாம உள் சுவரில மாட்டுங்க. அலங்காரத்துக்கு மேல் ஓரத்தில சவுக்குக் கொப்பு, எங்கட ஊரில நத்தார் மரம் எண்டாலே சவுக்குத்தானே, அதில மிஞ்சினதைக் கட்டினன், பனையோலையில பின்னின நட்சத்திரம் நாலு. மின்குமிழ் மாலை போடல்ல, கடுதாசிக்குப் பக்கத்தில வயர் வேண்டாம் எண்டு இவர் சொன்னவர், சரிதான்.

போர்ட் செய்திட்டம், கார்டு வேணுமே. இப்ப ஆர் அனுப்புறா? 2022ல கடுதாசி விலை ஏறினது எல்லாருக்கும் ஞாபகம் இரிக்கும், பேப்பர் இல்லாம மேல் மாகாணத்தில பள்ளிக்கூடப் பரீட்சையையே தள்ளி வச்ச வருசம் அது, சாதாரணக் கடித முத்திரையும் 15 ரூபாயில இருந்து 50 ஆச்சுது. கடைக் கார்டு வாங்கி 20 பேருக்கு அனுப்புறதெண்டா ஒரு குடும்பத்துக்குப் பாரம்தான், நான் ஒருத்தரையும் குறை சொல்ல மாட்டன். நாங்க அந்த வருசத்தில இருந்து வீட்டிலயே செய்யத் தொடங்கினம். ஏ4 பேப்பரை ரெண்டு தரம் மடிச்சா ஒரு கார்டு, வெட்டத் தேவையே இல்ல, வெட்டாததால ஒவ்வொரு அட்டையும் ரெண்டு தட்டா வந்து ஒரு திடம் வரும், 4 அங்குல அகலம் 6 அங்குல உயரம். மூத்தவள் பள்ளிக்கூட ஒளி விழாவுக்கு எப்பவும் நட்சத்திரம்தான் கீறுவாள், சின்னவன் போன வருசம் பாலன் குடிலுக்குள்ள மாட்டுக்குப் பதிலா எருமை கீறினவன், வெள்ளை எருமை எல்லாம் வேண்டாம் இது நம்மட வாகரை எருமை எண்டு கறுப்புக் கலரை அள்ளிப் பூசினவன், தயிர் தாற மாடுதானே எண்டு அவன்ட நியாயம். எனக்கு அந்தக் கார்டில சரியான விருப்பம்.

"முதல் முதல் ஆரம்மா கார்டு அனுப்பினது" எண்டு மூத்தவள் கேட்டதுக்கு தேடிப் பாத்துச் சொன்னன், 1843ல லண்டன்ல ஹென்றி கோல் எண்டவர், அவருக்குக் கடிதம் எழுதி முடிக்க ஏலாமப் போச்சுதாம், அதால ஹோர்ஸ்லி எண்ட ஓவியரிட்டப் படம் ஒண்டு கீறுவிச்சு 1000 அடிச்சு, மிஞ்சினதை ஒண்டு ஒரு ஷில்லிங்குக்கு வித்தவராம். அதுக்கு அவள், "அப்ப அவரும் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானே அனுப்பியிருக்கிறார், நாங்க ஒவ்வொருத்தருக்கும் வேற வேற எழுதுறம்" எண்டாள். இப்ப எங்கட வீட்டுச் சட்டம் அதுதான், "நத்தார் வாழ்த்துக்கள்" எண்டு மட்டும் எழுதி ஒரு கார்டும் போகாது, அந்த வீட்டைப் பற்றி ஒரு வரி, எங்கட வீட்டைப் பற்றி ஒரு வரி கட்டாயம் இரிக்க வேணும்.

இப்பிடி அனுப்பத் தொடங்கினதும் பதில் வரத் தொடங்கிச்சு. முதல் வருசம் 6, போன வருசம் 19. காத்தான்குடியில இரிக்கிற என்ட கூட வேலை செய்யிற தோழி நத்தாருக்கு அனுப்புவா, நாங்க பெருநாளைக்கு அனுப்புவம், பக்கத்து வீட்டு மாமி தைப்பொங்கலுக்கு பானை கீறின கார்டை மதிலுக்கு மேலால கையில தருவா, அதுவும் அதே போர்ட்டிலதான். ஆகவே மூண்டு ராசாக்கள் திருநாளோட பாலன் குடிலைக் கழட்டினாலும் போர்ட்டைப் பொங்கல் வரைக்கும் விடுவம். கழட்டி எடுக்கிற அண்டைக்கு ஒவ்வொரு கார்டுக்கும் பின்னால மூலையில பென்சிலால வருசத்தை எழுதுங்க, போல்பொயின்ற் வேண்டாம். மறுகா பொலித்தீன் பை, காய்ஞ்ச வேப்பிலை, தகரப் பெட்டி. பெரியம்மாட முறைதான், அதை விடத் திறமான முறை நான் காணல்ல.

போன வருசம் 26ம் திகதி பெரியம்மா செங்கலடியில இருந்து வந்தவ, காலையில கடற்கரையில நினைவுச் செபம் முடிச்சிட்டு வீட்டுக்கு வந்தம். தேத்தண்ணி கொண்டு வந்து குடுத்தன், வாங்கிப் பக்கத்துக் கதிரையில வச்சிட்டு போர்ட்டுக்கு முன்னுக்குப் போய் நிண்டா. ஒவ்வொண்டா விரலால திருப்பி, கண்ணாடியை மேல கீழ ஆக்கி, சத்தம் போட்டு வாசிக்கிறா. நடு இலாஸ்டிக்கில அம்மாட அந்தப் பல்லு முளைச்ச கார்டையும் நான் சொருகி வச்சிரிந்தன், அதுக்கு வந்த உடன சத்தம் நிண்டிட்டு, கனநேரம் அதிலயே நிண்டா. மறுகா கீழக் கயித்தில இரிந்ததுகளைப் பாக்கக் குனிஞ்சவ இடுப்பைப் பிடிச்சுக் கொண்டு நிமிந்து, "என்னகா இது, இந்த வரியை ஒள்ளுப்பம் மேல எடுத்துக் கட்டினா என்ன, என்னால குனிய ஏலாது" எண்டா.

இந்த முறை ஆணியை ஒரு முழம் மேல அடிச்சிட்டன்.